ஆட்டுக் கயிறும் குலைக் கணக்கும்

கேள்வி:

வணக்கம் அம்மா. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக, இருக்கிறேன். வயது 36. போன வருடம் சீன நண்பர் ஒருவர் ஈப்போவில் ஒரு பௌத்தத் தியானக் குழுவுக்கு அழைத்துப் போனார். மனசுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இந்த விசாக தினத்தில் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளை எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. தோட்டத்தில் எலி மருந்து வைப்பது என் பொறுப்பு. எத்தனை உயிர் சாகிறது என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. "விஷத்தோடு சம்பந்தப்பட்ட வேலை தவறான பிழைப்பு, விட்டுவிடு" என்கிறார் குழுவில் ஒருவர். ஆடி மாதம் எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) முனியாண்டி கோயில் பூசை வருகிறது. இந்த வருடம் கிடா எங்கள் வீட்டு முறை. கயிற்றைப் பிடிக்க வேண்டியவன் மூத்த மகனான நான். அந்த ஆடு இப்போதே எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறது. நான் கொடுக்கும் தழையைத் தின்கிறது. மாட்டேன் என்றால் அப்பா மனம் உடைந்துவிடுவார். மனைவி என்னடா என்றால் "சாமியாரா போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்கிறாள். மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கிறாள். அது கொன்ட்ரேக்டர் கொடுக்கும் கோப்பிக் காசு. பங்களாதேஷ் பையன்கள் வெட்டிய பழக்குலைகளின் கணக்கை ஆளுக்குப் பத்துப் பதினைந்து குறைத்து எழுதச் சொல்வார், எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். நான் வேலையை விடுவதா, கோயிலை விடுவதா, சீலத்தை விடுவதா?

– க., சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள தம்பி,

வேலை, கோயில், சீலம் மூன்றையும் விட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். விட வேண்டியது வேறொன்று: அந்த இருநூறு வெள்ளி.

எலிக்கும் ஆட்டுக்கும் மனம் கசிந்து எழுதியிருக்கிறீர்கள். பங்களாதேஷ் பையன்களுக்கு ஒரே வாக்கியம். அதையும் "எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான்" என்று மூடிவிட்டீர்கள். சீலம் எடுத்த புதிதில் பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. ரத்தம் தெரிகிற இடத்தில் மனம் பதறுகிறது. பேனா ஓடுகிற இடத்தில் பதறுவதில்லை. எறும்பை மிதித்துவிட்டேன் என்று வருந்துகிற முதலாளி, கடைப் பையனுக்குச் சம்பளப் பாக்கி வைத்திருப்பார். இரண்டும் ஒரே கணக்கில் வருகிறவை என்று அவருக்குத் தோன்றாது. நான் பிக்குணி இல்லை, உளவள ஆலோசகர். பௌத்த நூல்களைத் தொடர்ந்து வாசிக்கிறவள், அவ்வளவுதான். இரண்டு கோணத்திலும் பார்த்துச் சொல்கிறேன்: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எலி மட்டும் இல்லை. உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போகலாம்.

செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோ இருப்பது சாதாரணம். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து, மட்டையை வெட்டி, குலையை விழவைத்து, உதிரிப் பழத்தைப் பொறுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, குலைகளை அடுக்கி எண்ணும் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? பத்துக் குலையைக் குறைத்து எழுதினால் இருநூறு கிலோ சுமந்த உழைப்பு காணாமல் போகிறது. அதுவும் ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. கொடுக்கப்படாததை எடுக்க மாட்டேன் என்பது நீங்கள் ஏற்ற இரண்டாம் சீலம். பொய் சொல்ல மாட்டேன் என்பது நான்காவது. கணக்குப் புத்தகத்தில் ஒரே வரியில் இரண்டும் போய்விடுகின்றன.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்னது ஒன்று இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துக் காட்டினார். பிறகு அதையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனுடைய துறவு இப்படித்தான் வெறுமையானது. அப்படிப்பட்டவன் செய்யத் துணியாத தீமை எதுவும் இல்லை என்றார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதே என்றார். அதற்குப் பிறகுதான் ஒரு செயலை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொடுக்கிறார். செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின் மூன்று முறையும் கேட்டுக்கொள்: இது எனக்குக் கேடா, பிறருக்குக் கேடா, இருவருக்கும் கேடா? பிளாட்பாரத்தில் புத்தகத்தைத் திறக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு நீண்ட தியானம் எதுவும் தேவைப்படாது.

எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது என்பதை நான் நம்பவில்லை. நடந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. வெட்டிய குலையை வெட்டவில்லை என்று எழுதுவதற்கு அதில் இடமே கிடையாது. 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் உண்டு, தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு.

இனி என்ன செய்வது? நாளைப் பெரட்டிலிருந்து (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம்) சரியான எண்ணிக்கையை எழுதுங்கள். கொன்ட்ரேக்டரிடம் நீட்டி முழக்க வேண்டாம். "இனிமேல் இருக்கிறதைத்தான் எழுதுவேன், அந்தக் காசும் வேண்டாம்" என்றால் போதும். தனியாக ஒரு நோட்டில் தேதி, பிளாட்பார எண், குலை எண்ணிக்கை ஆகியவற்றை உங்கள் கையெழுத்தில் குறித்து வையுங்கள். மிரட்டல் வந்தால் உதவி மானேஜரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். அங்கும் எதுவும் நடக்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் இரண்டு காரியம் பாக்கி. நீங்களும் இதில் கையெழுத்துப் போட்டவர் என்பதால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் உங்கள் நிலை என்ன என்று முதலில் விசாரியுங்கள். இன்னொன்று, அந்தப் பையன்களிடம் பேசுங்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்களாக இருப்பார்கள், பெர்மிட் விஷயம் இன்னொருவர் கையில் இருக்கும். உங்கள் மனசாட்சி சுத்தமாகிற வேகத்தில் அவர்கள் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டால் அது எந்த ஊர் அகிம்சை? எப்போது, எப்படி முறையிடுவது என்பதில் அவர்கள் சொல்லையும் கேட்க வேண்டும்.

வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள். விகாரையின் உண்டியலில் போட வேண்டாம், அது விகாரையின் காசு இல்லை. வெட்டிய பையன்களிடம் கொடுங்கள். முழுத் தொகையும் கணக்குக்கு வராமல் போகலாம், சிலர் ஊருக்கே போயிருக்கலாம். இருக்கிறவர்களிடம் தொடங்குங்கள். தந்தையைக் கொன்று அரியணை ஏறிய அசாதசத்து புத்தரிடம் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான். குற்றத்தைக் குற்றமாகக் கண்டு, முறைப்படி திருத்திக்கொண்டு, இனிமேல் அடங்கி நடப்பது நல்லோர் நெறியில் வளர்ச்சி என்று அவனிடம் புத்தர் சொன்னார். அவன் எழுந்து போனதும் பிக்குகளிடம் சொன்னது வேறு: இந்த அரசன் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டான், அந்தக் கொலை மட்டும் இல்லையென்றால் இங்கேயே அவனுக்கு அறக்கண் திறந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒப்புக்கொள்வதால் பாதை திறக்கும், நடந்தது நடக்காமல் போய்விடாது.

இப்போது எலிக்கு வருவோம்.

உங்கள் குழு நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இல்லறத்தார் ஐந்து வணிகங்களைச் செய்யக் கூடாது என்று புத்தர் சொன்னார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், விஷம். நீங்கள் விஷ வியாபாரி இல்லை. அதனால் "தவறான பிழைப்பு" என்று முத்திரை குத்தி உங்களை வேலையிலிருந்து எழுப்பிவிடுவது சரியில்லை. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிய வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அது சாக வேண்டும். இந்த ஐந்தும் கூடினால் கொலை நிறைவடைகிறது என்பது உரையாசிரியர்களின் கணக்கு. மருந்துக் கட்டியை மரத்தடியில் வைக்கும்போது ஐந்தும் கூடுகின்றன. ஆகவே முதல் சீலம் உடைகிறது. உடைந்தது என்று ஒப்புக்கொண்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், உடைவதைக் குறைக்க வழி தேடுங்கள். பஞ்சசீலம் மேலிருந்து யாரோ போட்ட உத்தரவு இல்லையே. பயிற்சியாக நாமே விரும்பி ஏற்பதுதான்.

குறைக்க வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1980களிலிருந்தே எலியைக் கட்டுப்படுத்த வெண்கூகை என்ற ஆந்தையை வளர்க்கிறார்கள். கம்பத்தில் மரப்பெட்டி வைத்தால் அது வந்து குஞ்சு பொரிக்கும், எலியைப் பிடித்துத் தின்னும். நம் ஆட்களில் சிலர் "சாக்குருவி, லயத்துப் பக்கம் வரக் கூடாது" என்று பெட்டியைப் பிடுங்கிப் போடுவதும் உண்டு. அவர்களிடம் பேச உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள். வீரியம் கூடிய இரண்டாம் தலைமுறை எலி மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் விஷம் ஏறும். அதனால் கூகையும் அந்த மருந்தும் ஒன்றாகப் போகாது. மானேஜரிடம் சீலத்தைப் பற்றிப் பேச வேண்டாம், மருந்துச் செலவைப் பற்றிப் பேசுங்கள். கூகை பிடித்தாலும் எலி சாகத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். சாகிறதுதான். ஆனால் அங்கே கொல்கிற கை உங்களுடையது இல்லை, கூகை பசிக்குத் தின்கிறது. பெட்டி வைத்த எண்ணம் உங்களுடையது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும், பரவாயில்லை.

ஸ்டோர்ச் சாவி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் களைக்கொல்லி அடிக்கும் பெண்களையும் பாருங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய டின் ஏதாவது மூலையில் கிடந்தால் அது வெளியே போகக் கூடாது. மற்ற மருந்து அடிக்கும்போது கையுறை, முகமூடி, காலணி, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா? விஷத்தோடு சம்பந்தப்பட்ட வேலையில் நற்பிழைப்பு என்றால், ஒரு மண்டோருக்கு அது முதலில் இந்த அலமாரியில்தான் தொடங்குகிறது.

வேலையை விடாதீர்கள் என்று சொல்வது "நீங்கள் போனால் வேறொருவர் வந்து அதையே செய்வார்" என்பதற்காக இல்லை. அந்த வாதத்தை வைத்துக்கொண்டு எதையும் நியாயப்படுத்தலாம். குலைக் கணக்கைச் சரியாக எழுதத் துணிந்த ஒருவர் அந்தத் தோட்டத்தில் இப்போது தேவைப்படுகிறார், அதுதான் காரணம். சிகாலன் என்ற இளைஞன் ஆறு திசைகளை வணங்கிக்கொண்டிருந்தபோது, கீழ்த்திசை என்பது உன்னிடம் வேலை செய்கிறவர்கள் என்றார் புத்தர். வலுவுக்கேற்ற வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல தின்பண்டம் கிடைத்தால் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. முதலாளி செய்ய வேண்டியவை என்று இந்த ஐந்தையும் சொன்னார். மண்டோர் நடுவில் நிற்கிறவர். மேலே பார்த்தால் நீங்கள் தொழிலாளி, கீழே பார்த்தால் முதலாளி.

கிடா விஷயம்தான் உங்களுக்கு மிகவும் வலிக்கிறது என்று தெரிகிறது. இதற்குப் பொருத்தமான கதை தீக நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் இருக்கிறது. கூடதந்தன் என்ற அந்தணர் பெரிய வேள்வி ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறார். காளை, கன்று, ஆடு, செம்மறி என்று வகைக்கு எழுநூறாகத் தூணில் கட்டிவைத்திருக்கிறார். வேள்வியை எப்படிச் சிறப்பாகச் செய்வது என்று புத்தரிடமே யோசனை கேட்கிறார். புத்தர் கொலை பாவம் என்று பிரசங்கம் தொடங்கவில்லை. முன்னொரு காலத்து அரசன் மகாவிஜிதனின் கதையைச் சொன்னார். அவனுடைய புரோகிதர் முதலில் நாட்டைக் கவனிக்கச் சொன்னார்: உழுகிறவனுக்கு விதை, வாணிபம் செய்கிறவனுக்கு முதல், அரச வேலை செய்கிறவனுக்குச் சோறும் கூலியும். அதன் பிறகுதான் வேள்வி. அதில் ஓர் ஆடு மாடு சாகவில்லை. நெய், எண்ணெய், வெண்ணெய், தயிர், தேன், வெல்லம் ஆகியவற்றைக்கொண்டே வேள்வி முடிந்தது. வேலை செய்தவர்கள் தடிக்குப் பயந்து கண்ணீரோடு வேலை செய்யவில்லை. விரும்பியவர் செய்தார், விரும்பாதவர் செய்யவில்லை.

ஆட்டின் கழுத்தும் கூலிக்காரன் கண்ணீரும் அந்தக் கதையில் பக்கத்துப் பக்கத்து வரியில் வருவதைக் கவனித்தீர்களா? ஆட்டைக் காப்பாற்றிவிட்டுக் கூலியைக் குறைக்கிற வேள்வி அதில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கடைசியில் கட்டியிருந்த விலங்குகளை அவிழ்த்துவிடுவது கூடதந்தனே. புத்தர் அவிழ்க்கச் சொல்லவில்லை.

எனவே அப்பாவை அவிழ்க்க வைக்க முடியுமா என்று பாருங்கள், நீங்கள் அவிழ்த்துக்கொண்டு ஓடாதீர்கள். நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வேள்விப் பசுவை இராத்திரியோடு இராத்திரியாக ஓட்டிக்கொண்டு போனான். பிடிபட்டு அடிபட்டு ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அவனுக்குப் பின்னால் அமுதசுரபி கிடைத்தது, காப்பியத்தில் வருகிறவன், கிடைக்கும். நீங்கள் லயத்தில் நாளைக்கும் குடியிருக்க வேண்டும்.

பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்பா தனியாக, சாப்பிட்டு முடித்து, காற்று வாங்க உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். "முனியாண்டிக்குப் படைக்க மாட்டேன்னு சொல்லலப்பா, என் கையால ஒரு உயிர் போக வேண்டாம்னு வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டுதல் என்றால் அவருக்குப் புரியும். பௌத்தம் என்றால் மகன் மதம் மாறிவிட்டான் என்றுதான் காதில் விழும். குங்குமம் தடவிய பூசணிக்காயும் எலுமிச்சையும் வெட்டிப் பலியை நிறைவு செய்யும் கோயில்கள் இருக்கின்றன. பூசாரி சம்மதித்தால் அப்பாவுக்கும் கௌரவம் குறையாது. முதலில் பூசாரியிடம் அப்பாவையே பேசச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கயிற்றைத் தம்பியோ பங்காளியோ பிடிக்கட்டும். நீங்கள் பந்தல் போடுங்கள், விறகு பிளங்கள், நாற்காலி ஏற்றி இறக்குங்கள், வந்தவர்களுக்கு இலை போடுங்கள். உங்கள் வீட்டு முறைக்காகவே வெட்டிய ஆடு என்பதால் அந்தக் கறியை நீங்கள் சாப்பிடாமல் இருப்பது நல்லது. சாப்பிடாததற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கறிச்சோற்றுப் பந்தியில் நடக்கும் அகிம்சைச் சொற்பொழிவால் எந்த ஆடும் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கள்ளைப் படையலில் ஊற்றுகிறார்கள் என்றால் ஊற்றட்டும். உங்கள் ஐந்தாம் சீலம் உங்கள் தொண்டையோடு நிற்கிறது.

கோயிலை விடுவதா என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை. உபாலி என்ற செல்வர் சமணத் துறவியரை ஆதரித்துவந்தவர், புத்தரிடம் வாதாட வந்து அவர் வழியில் சேர விரும்பினார். நன்றாக யோசித்துச் செய் என்றார் புத்தர். அதோடு, உன் வீடு நெடுங்காலமாக அந்தத் துறவியருக்குக் கிணறுபோல் இருந்திருக்கிறது, அவர்கள் வந்தால் சோறு போடுவதை நிறுத்திவிடாதே என்றும் சொன்னார். தைப்பூசத்துக்கு ஈப்போக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பமாக இருந்தால் போங்கள். அம்மாவின் பால்குடத்தைத் தூக்கிக் கொடுப்பதால் எந்தச் சீலமும் உடையாது.

மனைவியைப் பற்றிக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விசாக தினத்திலிருந்து நீங்கள் வீட்டில் எத்தனை வார்த்தை பேசியிருப்பீர்கள்? மௌனத்தைத் தியானம் என்று நினைப்பதும் புதிதில் வருகிற நோய்தான். சிகாலனிடம் புத்தர் கணவனின் கடமைகளாகச் சொன்னது: மனைவியை மதிப்பது, இழிவாகப் பேசாதிருப்பது, வேறு பெண்ணை நாடாதிருப்பது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுப்பது, அணிகலன் வாங்கித் தருவது. ஆமாம், நகையும் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினால் உங்கள் பௌத்தத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் நல்லெண்ணம் வரலாம்.

அந்த இருநூறு வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை இன்று இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதா மாதம் அந்தக் காசு குறையப்போகிறது, பழையதையும் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள். வீட்டுச் செலவை இரண்டு பேருமாக உட்கார்ந்து மறுபடி போட வேண்டியிருக்கும். சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது நோட்டையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துப் போங்கள். அந்தக் காசைப் பற்றி உங்கள் வீட்டில் முதலில் கேட்டவர் அவர்தானே.